கடல் ஒயிலும் தரை ஒயிலும்

வண்டிக்கு அடியில் படுத்து ஒயில் நட்டைக் கழற்றும்போது பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் ஸ்பேனரைத் திருப்புவேன். இதையும் அப்படியே தொடங்குகிறேன். எழுதிப் பழகாத கை இது. எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். பிழை இருந்தால் தம்பிமார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கராஜுக்கு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் போன கிழமை வீட்டுக்கு வந்து, எந்தக் காருக்கு எந்த ஒயில் என்று ஒரு பட்டியல் எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். பட்டியல் தர மாட்டேன். நான் தரும் பட்டியல் அடுத்த கப்பலில் புதுக் கார் வந்து இறங்கியதும் பழசாகிவிடும். அதற்குப் பதிலாக, நான் ஒரு சின்னக் காருக்கு ஊற்றிய மூன்று லீற்றர் ஒயிலின் கதையைத் தருகிறேன். இதை என் மனைவி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். அவள் சொல்லும்போது கூடக் குறைய வரும். நடந்தது இதுதான்.

என் கராஜ் கல்பிட்டி வீதியில், எத்தாளைக்கும் கண்டக்குழிக்கும் நடுவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் கராஜ் வைத்தவனுக்கு இரண்டு வகை வாடிக்கைக்காரர். ஒன்று வீதியில் ஓடுகிறவர்கள். மற்றது கடலில் ஓடுகிறவர்கள். காருக்கும் லொறிக்கும் என்ஜின் ஒயில் ஒரு பீப்பாவில். போட் என்ஜினுக்கு மண்ணெண்ணெயில் கலக்கிற ஒயில் இன்னொரு பீப்பாவில். நம்முடைய கரையில் கேனை எறிகிற வழக்கமே கிடையாது. ஒயில் வந்த வெள்ளைக் கேனைக் கழுவித் திரும்பத் திரும்ப அதற்குள்ளேயேதான் அளந்து ஊற்றுவோம். எல்லாக் கேனும் ஒரே நிறம், ஒரே அளவு. ஒன்றிலும் பெயர் இல்லை.

பெயர் எதற்கு என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒரு முறை இருந்தது. மேசைக்கு முன்னால் நின்றால் என் இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் வீதி. ஆகவே கடல் ஒயில் இடக்கையில், தரை ஒயில் வலக்கையில். கண்ணை மூடிக்கொண்டும் எடுப்பேன். இதை நானே கண்டுபிடித்தேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை எத்தாளை இர்ஷாத் காரைக் கொண்டுவந்தான். ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்து இறங்கிய சின்னக் கார். அதைக் கூலிக்கு ஓட்டித்தான் அவனுடைய குடும்பம் நடந்தது. அடுத்த நாள் காலையில் அவனுடைய வாப்பாவும் உம்மாவும் உம்றாவுக்காக மக்காவுக்குப் போக வேண்டும். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் பயணம். வாப்பா உப்பளத்தில் காலம் முழுக்க வேலை செய்தவர், அதிகம் பேச மாட்டார். உம்மா, நாங்கள் அக்கா முறையில் ஸபியா ராத்தா என்று கூப்பிடுகிறவர், இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார். பத்து மணிக்கெல்லாம் கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் நிற்காவிட்டால் குழு உள்ளே போய்விடும் என்று குழுத் தலைவர் சொல்லியிருந்தார்.

காரோடு ராத்தாவும் வந்திருந்தார், கணவரோடு பயணம் சொல்ல. உம்றாவுக்கோ ஹஜ்ஜுக்கோ போகிறவர்கள் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொருந்திக்கொள்ளச் சொல்லிக் கேட்பது நம்முடைய வழக்கம். கராஜ் வாசலில், ரயர் குவியலுக்குப் பக்கத்தில் நின்று முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"தம்பி, நான் ஒங்களுக்கு ஏதும் பிழ செஞ்சி ஈந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க."

"நீங்க எனக்கு என்ன ராத்தா செஞ்சீங்க?"

"ஒங்கட கல்யாணத்துல புரியாணிக்கு உப்புக் கூட எண்டு செல்லித் திரிஞ்சது நாந்தான்."

"அது நீங்களா?"

"ஓம். இப்பவாச்சும் பொருந்துங்க."

"பொருந்தினேன் ராத்தா. உப்பும் கூடத்தான்" என்றேன். அவர் கணவர் காருக்குள் இருந்தபடியே சிரித்தார்.

அன்றைக்கு வெயில் கடுமை. காரை வழக்கமான இடத்தில் நிறுத்தாமல், மேசைக்கு அந்தப் பக்கம் வேப்பமர நிழலில் நிறுத்தச் சொன்னேன். மேசையில் இரண்டு கேன் தயாராக இருந்தது. ஒன்று காருக்கு. மற்றது கண்டக்குழி அந்தோனிக்கு. அந்தோனி போட் வைத்திருப்பவன், என் வயதுக்காரன் என்றாலும் என்னை நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். மூன்று லீற்றர் போட் ஒயில் அளந்து வைக்கச் சொல்லிவிட்டு முன் கடைக்குப் பிளேன்டீ குடிக்கப் போயிருந்தான்.

பழைய ஒயிலை வடித்து, நட்டை இறுக்கி நான் எழும்பவும் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. ஜமாஅத்தைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம். காருக்குப் பக்கத்தில் நின்றபடியே மேசைக்குக் கையை நீட்டி, வலக்கைப் பக்கக் கேனை எடுத்தேன். புனலை வைத்து ஊற்றினேன். அளவுக் கம்பியை இழுத்து அளவு சரியா என்று பார்த்தேன். நிறத்தைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த கேனை அந்தோனி எடுத்துக்கொண்டு போனான். நான் பள்ளிக்குப் போனேன்.

தம்பிமாரே, கடல் இடம் மாறவில்லை. மேசைக்கு மறுபக்கம் திரும்பி நின்றவன் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை இருக்கும். கதவைத் திறந்து பிளேன்டீயைக் கையில் எடுத்திருந்தேன். அந்தோனி வந்தான். ஒரு கையில் கேன். மறுகையில் சோடாப் போத்தல், அதற்குள் மண்ணெண்ணெய்.

"நானா, இதைப் பாருங்க. வெயிலுக்குப் பிடிச்சுப் பாருங்க."

"என்ன?"

"கலர் வருதா?"

போட்காரர்களின் பழக்கம் அது. போட் ஒயில் சிவப்புச் சாயம் போட்டு வரும். தாங்கியில் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு போத்தலில் கொஞ்சம் கலந்து, சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். ரோசாப் பூ நிறம் வந்தால் கலவை சரி. அந்தோனியின் போத்தலில் நிறமே இல்லை. ஒயில் நூல் நூலாக அடியில் போய்ப் படுத்திருந்தது.

"இதைக் கலந்து கொண்டுபோயிருந்தா நடுக்கடல்ல என்ஜினோட நானும் நிண்டிருப்பேன். என்ன ஒயில் தந்தீங்க?"

கேனுக்குள் விரலை விட்டுத் தேய்த்தேன். கார் ஒயில். பிளேன்டீ கையிலிருந்து எப்போது மேசைக்குப் போனது என்று தெரியாது. அந்தோனியிடம் கார் ஒயில் இருக்கிறது என்றால், போட் ஒயில் எங்கே இருக்கிறது? எத்தாளையிலிருந்து ஆறு மணிக்குப் புறப்பட்ட காருக்குள். அந்தக் காருக்குள் ஸபியா ராத்தாவும் அவர் கணவரும்.

போட் ஒயில் பெற்றோலோடும் மண்ணெண்ணெயோடும் எரிந்து போவதற்கென்றே செய்தது. கார் என்ஜினுக்குள் சுற்றிச் சுற்றி மாதக்கணக்காக வேலை செய்ய அதற்குத் தெம்பு கிடையாது. கொஞ்ச தூரம் தாங்கும். நீண்ட வீதியில், வெயிலில், வேகமாக ஓடினால் எங்கே கைவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. மாதம்பையில் கைவிடலாம். விமான நிலைய வாசலிலும் கைவிடலாம். கைவிட்டால் அந்த இரண்டு பேருடைய உம்றாவும் போகும், இர்ஷாத்தின் காரும் போகும்.

இப்போது என் மனதில் முதலில் வந்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஒயில் கம்பனி மேல் போடு. 'சரக்குப் பிழை என்று இப்பதான் செய்தி வந்தது, சிலாபத்தில் நிறுத்தி மாற்றுங்கள்' என்று சொல். கார் தப்பும், பயணம் தப்பும், என் பேரும் தப்பும். இரண்டாவதாக வந்தது இன்னும் மோசம். ஒன்றும் சொல்லாதே, துஆ கேள், நூற்று முப்பது கிலோமீற்றர்தானே.

அந்தோனி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இருபது வருசம் என்னிடம் ஒயில் வாங்கியவன்.

"போன் எடுங்க நானா."

"எடுக்கத்தான் போறேன்."

"நாளைக்குத்தான் எடுப்பீங்க போல இருக்கு" என்றான்.

கூப்பிட்டேன். இர்ஷாத்தின் போனை எடுத்தது ராத்தா.

"அஸ்ஸலாமு அலைக்கும், யாரு? தம்பியா? மகன் வாகனம் ஓட்டுறாரு. எனக்கிட்டச் செல்லுங்க."

"வஅலைக்கும் ஸலாம். ராத்தா, இப்ப எங்க நிக்கிறீங்க?"

"முந்தல் தாண்டிட்டோம். ஏன், எதையும் மறந்திட்டு வந்திட்டோமா?"

"ராத்தா, காருல மீற்றருக்கிட்ட, தேத்தண்ணிக் கேத்தல் மாதிரி ஒரு சிவப்பு வெளிச்சம் பத்துதா எண்டு பாருங்க."

அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது. "மகன், கேத்தல் ஈக்கா?" "கேத்தலா? என்னத்துக்கு உம்மா கேத்தல்?" பிறகு ராத்தா சொன்னார்: "கேத்தலும் இல்ல, ஒண்டுமில்ல. பச்சயா ஒண்டுதான் பத்துது."

அல்ஹம்துலில்லாஹ் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு சுடுதண்ணீரில் குதிக்கிறவன் போலச் சொன்னேன்.

"ராத்தா, நேத்து நான் பிழை செஞ்சிட்டேன். கம்பனி பிழை இல்ல, கார் பிழை இல்ல. அந்தோனிட போட்டுக்குக் குடுக்க வேண்டிய ஒயில ஒங்கட காருக்கு ஊத்திட்டேன். நான் பாக்காம ஊத்தினேன்."

ராத்தா நான் சொன்னதை அப்படியே காருக்குள் திருப்பிச் சொன்னார். பிறகு அவருடைய கணவரின் குரல், தூரத்திலிருந்து: "அப்ப இனிக் கடலாலயே மக்காவுக்குப் போவலாம்."

அன்றைக்கு அந்த மனிதர் பேசிய ஒரே வசனம் அது. ராத்தா சிரித்த சிரிப்பில் எனக்கு மூச்சு வந்தது. போனை இர்ஷாத்தின் காதில் பிடிக்கச் சொல்லி, ஏசியை நிறுத்து, ஐம்பதுக்கு மேல் போகாதே, அந்தக் கேத்தல் வெளிச்சம் பற்றினால் அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்து, ஒரு அடி கூட ஓட்டாதே, சிலாபத்தில் குசுமா அக்காவின் கடைக்குப் போ என்று சொன்னேன். அவன் கோபத்தில் "ஹ்ம்" என்றான். கோபப்பட அவனுக்கு உரிமை இருந்தது.

குசுமா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலாபத்தில் ஒயில், பில்டர் விற்கும் சிங்களப் பெண்மணி. நான் பில்டரெல்லாம் அங்கேயிருந்துதான் பஸ்ஸில் எடுப்பிப்பேன். முகம் பார்த்தது இரண்டே தடவை, போனில் சண்டை பிடித்தது இருநூறு தடவை. கடைக்குப் பக்கத்திலேயே வண்டியை ஏற்றும் குழியும் அவருக்கு இருந்தது. கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன்.

"ஐயோ நானா! போட் ஒயிலா? கார்ல மீன் பிடிக்கவா?"

"சிரிக்காதீங்க அக்கா. அவங்க பத்து மணிக்குக் கட்டுநாயக்கல நிக்கணும். அல்லாட வீட்டுக்குப் போற பயணம்."

சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. "ஹரி, சரி. நான் ரோட்ல நிக்கிறேன். காரோட நம்பர் சொல்லுங்க" என்றார். இர்ஷாத் பிறகு சொன்னான், எட்டேகாலுக்கு அவன் சிலாபத்துக்குள் நுழையும்போது ஒரு அம்மா குடையை விரித்துக்கொண்டு வீதிக்கு நடுவில் நின்று பஸ்ஸையே மறித்துவிட்டார் என்று. குழியில் இருந்த வேறொரு வேனை அதற்கு முன்னமே வெளியே தள்ளியிருந்தார்கள்.

போட் ஒயில் முழுதாக வடிந்தது. பில்டரைக் கழற்றி எறிந்தார்கள். அப்போது குசுமா அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"நானா, நீங்க இதுக்கு ஊத்த நினைச்சது என்ன நம்பர்?"

"எல்லாத்துக்கும் ஊத்துறதுதான். இருபது, ஐம்பது. நம்மட வெயிலுக்குத் தடிப்பா ஈந்தாத்தான் நிக்கும்."

"யார் சொன்னது?"

"யாரு செல்லணும்? முப்பது வருசமா ஊத்துறேன்."

"இந்தக் காரோட மூடியில சைபர், இருபது எண்டு எழுதியிருக்கே."

"எந்த மூடியில?"

"ஒயில் ஊத்துற மூடியில நானா. அழுக்கத் துடைச்சேன். பெரிசா எழுதியிருக்கு."

போனைக் காதில் பிடித்தபடியே உள்ளே போனேன். என் கராஜில் அதே மாதிரிச் சின்னக் கார் ஒன்று, கண்ணாடி மாற்ற வந்தது, நின்றது. பொனட்டைத் திறந்து மூடியைத் துணியால் அழுத்தித் துடைத்தேன். சைபர், இருபது. அந்தக் காருக்கு நாலு தடவை நானே ஒயில் மாற்றியிருக்கிறேன். நாலு தடவையும் அந்த மூடியை இந்த உள்ளங்கையால்தான் திருகித் திறந்து, திருகி மூடினேன். அந்த எண்ணை மறைத்திருந்த அழுக்கு என் கையின் அழுக்கு.

அந்தக் கார்க்காரர் ஒருமுறை கேட்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "ஒயில் மாத்தின பொறகு பெற்றோல் கூடக் குடிக்குது, காலைல எடுக்கக்குள்ள கடகட எண்டு சத்தம் வருது" என்றார். "அது ஒங்கட கால் பாரம்" என்று சொல்லி அனுப்பினேன். தடிப்பான ஒயில் என்றால் பலமான ஒயில் என்று நான் வைத்திருந்த நம்பிக்கை பழைய லொறிகளோடு எனக்கு வந்தது. அந்த என்ஜின்களுக்குள் இடைவெளி கூட, அங்கே தடிப்பு சரி. இந்தச் சின்னக் கார்களின் இடைவெளி மயிரிழை. காலையில் என்ஜினை எடுத்தவுடன் தடித்த ஒயில் மேலே ஏறிப் போய்ச் சேர்வதற்குள் இரும்பும் இரும்பும் உரசிக்கொள்கிறது. முதல் எண் குளிர்ந்த என்ஜினில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதற்கு, சின்ன எண் என்றால் இலகு. இரண்டாவது எண் சூடானபின் அதன் தடிப்புக்கு. இவ்வளவுதான் விசயம். குசுமா அக்கா இதை எனக்கு இரண்டு நிமிசத்தில் சொன்னார். முப்பது வருசத்தில் நான் யாரிடமும் கேட்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு நான் கேனை மாற்றி எடுக்காமல், என் கணக்குப்படி சரியாகவே ஊற்றியிருந்தால், யாரும் போன் எடுத்திருக்க மாட்டார்கள், யாரும் மூடியைத் துடைத்திருக்க மாட்டார்கள். நான் இன்னும் பல வருசம் நல்ல மனதோடு பிழை செய்துகொண்டிருந்திருப்பேன். அல்லாஹ் ஒரு பிழையைக் காட்டி இன்னொன்றைத் திறந்தான் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ராத்தா கூப்பிட்டார். சைபர், இருபது ஊற்றிக் கார் புறப்பட்டுவிட்டது. குசுமா அக்கா வழிக்குத் தண்ணீர்ப் போத்தலும், போகிற இடத்தில் தன் மகளுக்காகவும் துஆ கேட்கச் சொல்லி அவள் பேரை எழுதிய துண்டும் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"ராத்தா" என்றேன். "நேத்து நீங்க என்னக் கேட்டீங்க. இண்டைக்கு நான் ஒங்களக் கேக்குறேன். என்னப் பொருந்திக்கொள்ளுங்க."

"சும்மா பொருந்த ஏலாது."

"என்ன செய்யணும்?"

"புரியாணிட உப்பக் காட்டி இனி ஒருக்காலும் பேசப்படாது."

"பேச மாட்டேன்."

"அப்ப பொருந்தினேன். போனை வைங்க, பயணத்துல ஓதுற தல்பியாவப் பழகணும்."

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இர்ஷாத்திடமிருந்து ஒரு படம் வந்தது. வாசலில் இரண்டு பேரும், கையில் பை, முகத்தில் வெயில். அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. ஆனாலும் அனுப்பினான். அந்தோனி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, அவங்க போயிட்டாங்க. எனக்கு ஒயில் தருவீங்களா, இல்ல நானும் மக்காவுக்குப் போகணுமா?" என்றான். அவனுக்கு அளந்து கொடுக்கும்போது அவனையே கேனைப் பிடிக்கச் சொன்னேன்.

ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து, சின்னக் கார் வைத்திருக்கிற என் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். பிழையான ஒயில் ஊற்றியிருக்கிறேன், கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றேன். ஒருவர் திட்டினார். ஒருவர் வேறு கராஜுக்குப் போனார். மற்றவர்கள் வந்தார்கள், வரும்போது அயல்வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கால் பாரம் என்று நான் சொன்ன அந்த மனிதர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தூக்கி, "பாருங்க, பாரமா?" என்று கேட்டார்.

தம்பிமாரே, இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதலில் மூடியைத் துடையுங்கள். அதில் இல்லையென்றால் காரோடு வந்த புத்தகத்தைக் கேளுங்கள். ஜப்பான் எழுத்தில் இருந்தாலும் எண் எண்தான், அதை நீங்கள் படிக்கலாம். புத்தகமும் இல்லையென்றால் தெரிந்தவரைக் கேளுங்கள். அவர் பெண்ணாக இருக்கலாம், வேறு மொழி பேசுகிறவராக இருக்கலாம், உங்களைப் பார்த்துச் சிரிக்கலாம். விலை கூடினது நல்லது, தடித்தது பலம், என் வாப்பா இதைத்தான் ஊற்றினார், இந்த மூன்றையும் வாடிக்கைக்காரர் சொல்வார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு மூடியைக் காட்டுங்கள். பாங்கு கேட்டால் புனலைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள், வந்து ஊற்றலாம். தொழுகைக்கு அவசரப்பட்டேன் என்று நான் பல நாள் எனக்கே சமாதானம் சொன்னேன். அடுத்தவருடைய வண்டியும் என் கையில் ஒப்படைத்த அமானிதம்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

பிழை நடந்துவிட்டால், வண்டி எங்கே நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். என்ன சொல்லித் தப்பலாம் என்ற யோசனை தானாக வரும், வரட்டும். அது வந்து முடிவதற்குள் போனை எடுத்துவிடுங்கள்.

இரண்டு கிழமை கழித்து இர்ஷாத்தின் கார் கராஜ் வாசலில் வந்து நின்றது. ராத்தா இறங்கினார், கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் மெலிந்து. மக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு பை பேரீச்சம்பழமும், ஒரு சின்ன வெள்ளைப் போத்தலும் தந்தார். போத்தலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பேனையால் பெரிய எழுத்தில், ராத்தாவின் கையெழுத்து. நின்றபடியே மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்து, பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு மிடறு குடித்தேன். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

தாளை மட்டும் கவனமாக உரித்தெடுத்து, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். நான் ஓய்வுபெற்ற பிறகும் அது அங்கேதான் இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு நாளும் அதற்குக் கீழே நின்றுதான் ஒயில் அளக்கிறீர்கள், ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதில் எழுதியிருப்பது இதுதான்:

"ஸம்ஸம். தண்ணி. காருக்குமில்ல, போட்டுக்குமில்ல."